கை மரத்துப்போவது சாக்கு அல்ல

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. மூன்று வருடங்களாகக் கண்ணைச் சிமிட்டுவான், தோளைக் குலுக்குவான், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான். போன வருடம் டாக்டர், இது ‘டூரெட் சிண்ட்ரோம்’, உடல் அசைவும் சத்தமும் தானாக வந்துகொண்டிருக்கும் நரம்புக் கோளாறு என்றார். நான்கு மாதமாகக் கழுத்தை இடது பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறான். சுளுக்கு என்று நினைத்து இரண்டு முறை வழித்துவிட்டோம். எழுதும்போது கை மரத்துப்போகிறது என்கிறான். அது படிப்புக்குச் சாக்கு என்கிறார் அவன் அப்பா. யூடியூபில் பார்த்தால் இந்த நோய் உள்ளவர்கள் கெட்ட வார்த்தை கத்துகிறார்கள். இது பைத்தியத்தில் போய் முடியுமா? நான் அடித்து வளர்த்ததால் வந்ததா? பள்ளியில் சொல்வதா, மறைப்பதா? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஹாலோபெரிடால் மாத்திரை சொன்னார், வாங்கி வைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சங்கம் ஏதாவது உண்டா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். கை மரத்துப்போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான்.

கழுத்தெலும்புக்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது. மாதக்கணக்கில், நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கழுத்தை வெடுக்கென்று இழுத்தால், சில பிள்ளைகளுக்கு எலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கித் தண்டுவடத்தையோ கைக்குப் போகும் நரம்பையோ அழுத்தும். அரிதுதான். ஆனால் டூரெட் உள்ளவர்களுக்கு நிரந்தரமான உடல் பாதிப்பு வரக்கூடிய வழிகளில் இது முக்கியமானது, நேரத்தில் பிடித்தால் தடுக்கவும் முடியும். இந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர் சோதித்துப் பார்த்து முடிவு செய்வார். மணிக்கட்டை மடக்கி வைத்து எழுதுவது போன்ற சாதாரணக் காரணமாகக்கூட இருக்கலாம். பார்த்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்றைக்கே சில விஷயங்களைக் கவனியுங்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறானா? செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடக்கிறானா? கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரன்ட் அடிக்கிறது என்கிறானா? சிறுநீரை அடக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம். நரம்பியல், நரம்பு அறுவைச் சிகிச்சை இரண்டு பிரிவுகளும் அங்கே இருக்கின்றன.

சுளுக்கு வழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அழுத்தம் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத கழுத்தைத் திருகி ‘சொடக்கு’ எடுப்பதைப் போல ஆபத்து வேறில்லை. எண்ணெய் தடவுகிறவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கைக்கு எம்.ஆர்.ஐ. தெரியாது.

அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஹாலோபெரிடால் இந்த நோய்க்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிற மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அளவு தவறினால், சில சமயம் சரியான அளவிலேயே, பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு இழுக்கும். ஏற்கெனவே கழுத்தை வெட்டுகிற பிள்ளைக்கு இதை யாரோ முகம் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுக்கிறார், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். என்ன சொல்வது! மருந்து தேவை என்றால் குளோனிடின், அரிப்பிபிரசோல் என்று வேறு வழிகள் உண்டு. கழுத்து இழுப்பு மட்டும் கடுமையாக இருந்தால் அந்தத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவதும் உண்டு. எது, எவ்வளவு என்பதை அவனை நேரில் பார்க்கிறவர் சொல்லட்டும்.

சரி, உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்விக்கு வருகிறேன். பைத்தியத்தில் முடியாது. அறிவும் மங்காது. கெட்ட வார்த்தை வருவது இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். 1885இல் பாரிஸில் ஜில் த லா டூரெட் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் பெயர்பெற்றவர் சபையிலே வசைச்சொல் கத்திய ஒரு பிரபுகுலப் பெண்மணி. அன்றிலிருந்து இன்றைய யூடியூப் வரை எல்லோருக்கும் அந்த அம்மாள்தான் நினைவில் நிற்கிறார், பேசாமல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை யாரும் வீடியோ எடுப்பதில்லை. கொரோனா காலத்தில் இத்தகைய வீடியோக்களைப் பார்த்த பதின்ம வயதுப் பெண்கள் பலருக்குத் திடீரென்று இதேபோல அசைவுகள் வந்ததை ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது வேறு பிரச்சினை, அதற்கு வைத்தியமும் வேறு. நீங்கள் பார்ப்பதை நிறுத்துங்கள், அவனுக்கும் காட்டாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு 10 முதல் 12 வயதுக்குள் இது உச்சத்துக்குப் போய், பதின்ம வயது முடிவதற்குள் நன்றாகத் தணிந்துவிடும். அதாவது நீங்கள் இப்போது பார்ப்பதுதான் மோசமான கட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடித்ததால் வரவில்லை (அடிக்க வேண்டாம் என்பது வேறு). இது குடும்ப வழியில் வருவது. சாக்கு என்கிறாரே அவன் அப்பா, அவர் சின்ன வயதில் கண் சிமிட்டினாரா, மூக்கை உறிஞ்சினாரா என்று உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். சுவாரசியமான பதில் கிடைக்கலாம்.

பள்ளியில் சொல்லுங்கள். மறைத்தால் ஆசிரியர் அதைச் சேட்டை என்று எடுத்துக்கொள்வார். தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அப்படி ஒன்று இவனுக்குக் கழுத்தில் வருகிறது. கொஞ்ச நேரம் அடக்கலாம், அவ்வளவுதான். வகுப்பில் அடக்கி அடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கொட்டுவான். ‘ஸ்கூலில் நல்லாத்தானே இருக்கான், வீட்டில்தான் நடிக்கிறான்’ என்பார்கள். முதலில் மகனிடம் கேளுங்கள், யாரிடம் என்ன சொல்லலாம் என்று. பிறகு மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே கொடுங்கள். அதில் மூன்றே விஷயம் போதும்: ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டாம், தாங்க முடியாதபோது ஐந்து நிமிடம் வெளியே போய்வர விடுங்கள், முதல் பெஞ்சில், எல்லோர் பார்வையும் படுகிற இடத்தில் உட்கார வைக்காதீர்கள். வீட்டிலும் அதே விதிதான், பாட்டி உட்பட.

இந்த அசைவுகளுக்கு மருந்தில்லாத பயிற்சியும் இருக்கிறது. குறுகுறுப்பு வரும் நொடியைக் கண்டுபிடித்து, கழுத்து இழுப்பானால் மோவாயை லேசாக உள்ளிழுத்து, நேரே பார்த்தபடி தசையை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேல் தேறினார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சொல்லித்தர வேண்டும், வீட்டில் யூடியூப் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். கழுத்துப் பரிசோதனை முடியும்வரை எந்தக் கழுத்துப் பயிற்சியும் கூடாது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவில் இதைக் கேட்கலாம். கவனக்குறைவோ, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கமோ கூட இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது அசைவைவிட இவைதான்.

சங்கம் கேட்டீர்கள். அமெரிக்காவின் டூரெட் சங்கம் 1972 முதல் இயங்குகிறது, பிரிட்டனில் ‘டூரெட்ஸ் ஆக்‌ஷன்’ இருக்கிறது. பெற்றோருக்கும் ஆசிரியருக்குமான கையேடுகள் அவர்கள் இணையதளங்களில் இருக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் ஆசிரியரிடம் அச்செடுத்துக் கொடுக்க உதவும். இங்கே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போல மகன் எப்போதாவது பேசினால் அன்றைக்கே அழையுங்கள். அந்த வாட்ஸ்அப் குழுவைவிட்டு விலகச் சொல்ல மாட்டேன், ஆறுதலுக்கு நல்லது. மில்லிகிராம் கணக்கு அங்கே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் கழுத்து இழுப்பதை அவனிடம் கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் செல்போனில் எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடவே அவன் நோட்டையும், நான்கு மாதத்துக்கு முந்தைய கையெழுத்தும் இன்றைய கையெழுத்தும் இருக்கிற மாதிரி, எடுத்துக்கொள்ளுங்கள். அவன் அப்பாவையும்தான்.