நடுவர்களை எப்படி அறிமுகம் செய்வது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாவட்டப் பள்ளி ஓவியப் போட்டிக்கு மூன்று நடுவர்கள். மேடையில் அவர்களை அறிமுகம் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், இன்னொருவர் புகைப்படக்காரர். இருவருடைய பயோடேட்டாவும் மும்மூன்று பக்கம். மூன்றாமவர் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுபவர். அவர் எழுதிக் கொடுத்தது நான்கே வரி. யாருக்கும் குறை வைக்காமல் எப்படிப் பேசுவது?

ஓர் ஓவிய ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயோடேட்டாவை மட்டும் வாசித்துவிடாதீர்கள். கீழே சார்ட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: என் படத்தில் இவர் எதைப் பார்ப்பார்?

பல வருஷம் முன்பு ஒரு போட்டிக்கு என்னையும் நடுவராகக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவன் என்றுதான் சொல்லியிருந்தேன். மைக் பிடித்தவர் ‘பிரபல ஓவியர்’ ஆக்கிவிட்டார். பொன்னாடை போர்த்தியபின் மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஒரு வாட்டர்கலர் படத்தில் கருநீல மேகம் அபாரமாக இருந்தது, முதல் பரிசுக்கு எடுத்து வைத்தேன். கடைசியாக, ஒரே வரியில், “மற்றும் இவர்” என்று அறிமுகமான போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்தார். புறங்கையால் தாளின் மூலையைத் தொட்டுப் பார்த்தார். “இன்னும் காயலை சார், காய்ஞ்சா வெளுத்துடும்” என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேகம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அன்றைக்கு அந்த அறையில் உண்மையான நடுவர் அவர்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

1401இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒரு போட்டி நடந்தது. ஞானஸ்நான ஆலயத்தின் கதவுக்கு வெண்கலச் சிற்பம் செய்யவேண்டும். நடத்தியது துணி வணிகர் சங்கம். ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் போகும் காட்சியை எல்லோரும் செய்யவேண்டும், கெடு ஒரு வருஷம். மோதிய ஏழு பேரும் ஃபிளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி வட்டாரத்துக்காரர்கள். வென்ற லோரென்சோ கிபெர்ட்டி பிற்காலத்தில் எழுதிய குறிப்பில் நடுவர்களைப் பற்றியும் சொல்கிறார். முப்பத்து நான்கு பேர், நகரத்தையும் சுற்றுப்புற ஊர்களையும் சேர்ந்தவர்கள், ஓவியர்கள், பொன், வெள்ளி, பளிங்கு வேலை செய்பவர்கள். அவ்வளவுதான். எத்தனை பேர், எந்த ஊர், என்ன தொழில். இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது.

தொழில் ஏன் முக்கியம் என்றால், கிபெர்ட்டியோடு போட்டியில் மோதிய புருனெலெஸ்கி பல துண்டுகளாக வார்த்து வெண்கலப் பலகையில் பொருத்தியிருந்தார். கிபெர்ட்டியுடையது பெரும்பாலும் ஒரே வார்ப்பு, உள்ளே குடைவாக. எடையில் சுமார் 7 கிலோ குறைவு. பொற்கொல்லர் கண்ணுக்கு இது உடனே பட்டிருக்கும். கதவு முழுக்க வார்க்கும்போது எவ்வளவு வெண்கலம் மிஞ்சும் என்று கணக்குப் போட வணிகர்களுக்கும் சொல்லித் தரவேண்டுமா என்ன?

சரி, அங்கேயும் பேச்சு வராமலில்லை. நடுவர்கள் ஒருமனதாகத் தன்னைத் தேர்ந்தெடுத்ததாகக் கிபெர்ட்டி சொல்கிறார். இருவரும் சேர்ந்து செய்யட்டும் என்றார்கள், புருனெலெஸ்கி மறுத்துவிட்டார் என்று புருனெலெஸ்கியின் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். வேலை நடக்கும்போதே கிபெர்ட்டி நடுவராக வரக்கூடியவர்களிடம் காட்டிக் காட்டி யோசனை கேட்டுக்கொண்டார் என்றும் ஒரு குத்து. இரண்டு பலகைகளும் இன்றும் ஃபிளாரன்ஸ் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சண்டையும் தீரவில்லை. அதனால் நடுவர்களில் யாருக்காவது போட்டியில் அக்காள் மகனோ, டியூஷன் மாணவியோ இருந்தால் அதையும் மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் படத்துக்கு மற்ற இருவர் மட்டும் மதிப்பெண் போடட்டும்.

அப்புறம், அறிமுகத்தைத் தலைப்பு அறிவிக்கும் முன்பே முடித்துவிடுங்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம் போதும். பேராசிரியர் கோடுகளைப் பார்ப்பார், புகைப்படக்காரர் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பார் என்பதுபோல, அவர்களையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு வரிக்காரரிடமிருந்து தொடங்குங்கள். கட்டம் போட்ட தாளில் அவர் ஒரு கட்டம் தவறி வண்ணம் வைத்தால், தறிக்கு டிசைனைச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டையில் ஒரு ஓட்டை தவறும், தறியில் அந்தப் பிழை சேலை நெடுக ஒவ்வொரு மயிலிலும் வரும். இதைச் சொல்லிவிட்டு அவர் பெயரைச் சொல்லுங்கள்.