சக்கரம் இறங்காத விமானமும் உங்கள் மகளின் விருப்பமும்

மதிப்பிற்குரிய அம்மா,

பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் போர் விமானியாக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதையும், சக்கரம் இறங்காத போர் விமானமொன்று ஓடுபாதையில் தீப்பொறி பறக்க உரசிச் செல்லும் காணொளியைக் கைப்பேசியில் பார்த்த நாள் முதல் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். "ஒன்றும் ஆகாது, தைரியமாக அனுப்புங்கள்" என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. ஆனால் அது உண்மையாகாது. போர் விமானம் ஓட்டுவது ஆபத்துள்ள பணிதான். நம் விமானப்படையிலும் விபத்துகளில் உயிரிழந்த விமானிகள் இருக்கிறார்கள். ஆயினும், உங்களை அச்சுறுத்திய அந்தக் காட்சியில் என்ன நடந்திருக்கும் என்பதை அறிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பதே உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யும் நியாயம்.

சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதை விமானியின் முன்னுள்ள விளக்குகள் காட்டும். அவற்றில் ஒன்று எரியாவிட்டால் அவர் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலே ஏறிவிடுவார். பழுது சக்கரத்திலா, விளக்கிலா என்பதுதான் முதல் கேள்வி. அதற்காகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அருகே தாழ்வாகப் பறந்து காட்டுவதும், உடன் வந்த விமானம் அடிப்புறமாக நெருங்கிப் பார்த்துச் சொல்வதும் வழக்கம். சக்கரத்தை இயக்கும் ஹைட்ராலிக் (திரவ) அழுத்தம் போய்விட்டிருந்தால், அழுத்தப்பட்ட நைட்ரஜனாலோ காற்றாலோ சக்கரத்தைத் தள்ளி இறக்கும் மாற்று ஏற்பாடு பல விமானங்களில் உண்டு. சிலவற்றில் பூட்டை மட்டும் விடுவித்தால் சக்கரம் தன் எடையாலேயே விழும். இவை எதுவும் பலிக்காதபோது, தீப்பிடிக்கும் அபாயத்தையும் இறங்கும் வேகத்தையும் குறைக்க எரிபொருளைச் செலவழித்துவிட்டு, தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையின் ஓரத்தில் தயாராக நின்ற பிறகே விமானி இறங்குவார். எந்தச் சக்கரம் இறங்கவில்லை என்பதைப் பொறுத்து, இறங்கலாமா, விமானத்தை விட்டு வெளியேறிவிட வேண்டுமா என்பதுகூட அந்தந்த விமானத்தின் கையேட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா புறப்பட்ட பயணிகள் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டு, 141 பேரோடு பத்திரமாகத் தரையிறங்கியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களுக்குப் பதைபதைப்பாக இருந்த அந்த நேரம், விமானி அறையில் எரிபொருளைக் குறைப்பதற்கும் பட்டியல் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்கும் பயன்பட்ட நேரம்.

போர் விமானங்களில் இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2022 ஜனவரி 4 அன்று தென் கொரியாவில் பயிற்சியில் இருந்த எஃப்-35 விமானத்தில் ஒரு பெரிய பறவை மோத, சக்கரங்கள் உட்படப் பல அமைப்புகள் செயலிழந்தன. எஞ்சினும் விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாடும் மட்டுமே மிஞ்சிய நிலையில், நுரை தெளித்த சோசான் தளத்து ஓடுபாதையில் விமானி அடிப்பாகம் உரச இறக்கினார். அவருக்குக் காயமில்லை, பழுதுபார்க்கும் செலவு மிக அதிகம் என்பதால் விமானத்தைத்தான் பிறகு ஒதுக்கிவிட்டார்கள். 2025 ஜனவரி 28 அன்று அலாஸ்காவின் ஐல்சன் தளத்தில் நடந்ததோ வேறு. அங்கே கடுங்குளிரில் முன்சக்கரம் கோணலாக நின்றுவிட, விமானி வானில் இருந்தபடியே விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களோடு ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆலோசித்தார். சக்கரத்தை நேராக்க ஓடுபாதையை இரண்டு முறை தொட்டு எழுந்தார். அதற்குப் பின் விமானம் தரையில் இருப்பதாகவே அதன் உணரிகள் தவறாகக் கணித்ததால் கட்டுப்பாடு இழந்தது. அவர் இருக்கையோடு வெளியேறிச் சிறு காயங்களுடன் தப்பினார். விமானம் விழுந்து நொறுங்கியது. சக்கர அமைப்பில் இருந்த ஹைட்ராலிக் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்ததும், அது உறைந்துபோனதுமே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது.

இருக்கையோடு வெளியேறுவதும் பூப்போன்ற காரியம் இல்லை. அந்த விசையில் முதுகெலும்பு அடிபட்டுப் பல மாதங்கள் பறக்க முடியாமல் போனவர்கள் உண்டு. இதையும் உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் எந்த விமானப்படையும் இயந்திரத்தைக் காப்பாற்ற விமானியைப் பலி கொடுக்கச் சொல்வதில்லை.

இந்த இரு நிகழ்வுகளிலும் நான் கவனிப்பது விமானியின் வீரத்தைவிட அவருடைய நிதானத்தைத்தான். ஆகவே உங்கள் மகள் மொட்டை மாடி விளிம்பில் பயமில்லாமல் நிற்கிறாளா என்று பார்க்காதீர்கள். கணக்கில் விடை வராதபோது தாளைக் கிழித்தெறிகிறாளா, முதல் வரியிலிருந்து மீண்டும் சரிபார்க்கிறாளா? ஒன்று கெட்டுப்போனால் உடனே வந்து சொல்கிறாளா, திட்டு விழும் என்று மறைக்கிறாளா? தன் கோளாறை ஒளிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு, எவ்வளவு துணிச்சல் இருந்தாலும், நான் இந்தப் பணியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வழி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருந்தால்தான், முப்படை அதிகாரிகளாக வருவோருக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் விமானப்படைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியும். அவள் கணிதம்-உயிரியல் பிரிவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது போதும். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. வயது வரம்பு பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொது அறிவுத் திறனுக்கு 600. அதன் பின் நேர்முகத் தேர்வு வாரியத்தில் 900 மதிப்பெண்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், தமிழ்வழியில் படிக்கும் உங்கள் மகளுக்குப் பாடத்தைவிட மொழியே பெரிய தடையாகும். இன்றே ஆங்கில நாளிதழ் வாசிக்கத் தொடங்கட்டும். "தேர்ச்சிக்கு உத்தரவாதம்" என்று பேனர் கட்டும் பயிற்சி மையங்களில் தக்காளி விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டாம். பழைய வினாத்தாள்கள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

விமானிக்கான தகுதியைச் சோதிக்கும் கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும், தவறினால் பிறகு விமானியாகும் வழி அடைபட்டுவிடும் என்பதால் "சும்மா ஒருமுறை போய்ப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். பெண்பிள்ளை என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. 2016இலேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றுவிட்டார்கள். அகாடமியில் பயின்ற முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஆசை விமானத்தின் மீதுதான், பறந்தே ஆக வேண்டும் என்று இல்லை என்றால், அலாஸ்கா விமானத்தை வீழ்த்திய அந்தத் திரவத்தைப் பராமரிக்கும் வேலையும் சக்கரத்தை வடிவமைக்கும் வேலையும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. ஆளில்லா விமானங்களான தபஸ், ஸ்விஃப்ட் இரண்டுக்கும் உள்ளிழுக்கும் சக்கரத் தொகுதியை உருவாக்கியது சென்னை ஆவடியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடந்தான். உங்கள் ஊரிலிருந்து ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தேஜாஸ் விமானங்களைத் தயாரிக்கிறது. எந்திரவியல் அல்லது விமானப் பொறியியல் படித்தால் இவை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பட்டப்படிப்பை 60 விழுக்காட்டுடன் முடித்த பிறகும் பறக்கும் ஆசை தீரவில்லை என்றால், நான் சொன்ன கணினித் தேர்வில் ஏற்கெனவே தவறியிராதவரை, 24 வயதுக்குள் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வின் வழியாக மறுபடி முயலலாம். ஆகவே இந்த ஆண்டே உயிர் போகும் அவசரம் எதுவும் இல்லை.

இப்போதைக்கு இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். விமானிக்கு உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டரும், கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். விமானி அறைக்குள் பொருந்துவதற்கான அளவு இது. அதை வீட்டிலேயே அளந்துவிட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்வையையும் நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் சோதித்து, அந்தச் சீட்டின் நகலை அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு, கோடை விடுமுறையில் அவள் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.