செக்குமாடும் ஸ்பீடியும்

கேள்வி: அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவின் ‘ரன்அரவுண்ட்’ கதையில் செலினியம் கொண்டுவரப் போன ஸ்பீடி என்ற ரோபோ, அதை எடுக்காமலும் திரும்பாமலும் செலினியக் குட்டையைச் சுற்றிச் செக்குமாடு மாதிரி வட்டமடிக்கிறது. போதாக்குறைக்குப் பாட்டு வேறு. அவ்வளவு நுட்பமான ரோபோ இப்படியா நடந்துகொள்ளும்? கதையை ஓட்ட ஆசிரியருக்கு வேறு வழி தெரியவில்லையா?

பதில்: மாட்டைத் திட்டுகிறீர்கள், பூட்டியவரை விட்டுவிட்டீர்கள். 1942-இல் வெளியான அந்தக் கதையில் ஸ்பீடியை அனுப்பியவர், புதன் கிரகத்தில் பவல் என்பவருடன் வேலை பார்க்கும் டோனவன். அவர் சொன்னதெல்லாம், செலினியம் வேண்டும், இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்து வா என்பதுதான். செலினியம் வராவிட்டால் அந்தக் கிரகத்து வெயிலில் தானும் பவலும் செத்தோம் என்று சொல்லவில்லை. அதனால் அசிமோவின் ரோபோக்களைக் கட்டுப்படுத்தும் மூன்று விதிகளில், மனிதரைக் காக்கச் சொல்லும் முதல் விதி விழிக்கவே இல்லை. கட்டளைக்குப் பணியும் இரண்டாம் விதிக்கும் பேச்சுவாக்கில் சொன்ன அளவுக்கே வலு. தன்னைக் காத்துக்கொள்ளும் மூன்றாம் விதியோ, ஸ்பீடி விலை உயர்ந்தது என்பதால் வேண்டுமென்றே கூட்டி வைக்கப்பட்டது.

இனி கணக்கு. கட்டளையின் இழுப்பு 4 என்று வையுங்கள். அது தூரத்தைப் பொறுத்து மாறாது. குட்டையருகே கசியும் எரிமலை வாயு ஸ்பீடியின் உடலை அரித்துவிடும் என்ற ஆபத்தின் தள்ளல் 1 கி.மீ.யில் 2, அரை கி.மீ.யில் 4, கால் கி.மீ.யில் 8. ஒரு கிலோமீட்டரில் இருந்தால் ஸ்பீடி உள்ளே வரும், கால் கிலோமீட்டரில் இருந்தால் வெளியே ஓடும். எங்கே விட்டாலும் அரை கி.மீ.யில் வந்துதான் நிற்கும். குட்டையிலிருந்து அரை கி.மீ.யில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்தால் வட்டம். அந்த வட்டத்தின் வழியே நகர்வதை இழுப்பும் தடுக்காது, தள்ளலும் தடுக்காது. ஓடுகிறது.

டோனவனும் பவலும் ஆக்ஸாலிக் அமிலத்தை வீசி, அது சூட்டில் சிதைந்து வரும் கார்பன் மோனாக்சைடால் ஸ்பீடியை விரட்டிப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் தோற்கிறது. தள்ளும் இடம் மாறினால் சமநிலை வேறு இடத்துக்குப் போகும், ஒழியாது. பவல் தன் உயிரைப் பணயம் வைத்து வெயிலில் இறங்கிய பிறகுதான் முதல் விதி விழித்து மற்ற இரண்டையும் அமுக்குகிறது. பாட்டைப் பற்றிக் கேட்டால், அது ஆசிரியரின் குறும்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இது கதைக்காகக் கட்டிய விசித்திரமும் அல்ல. 1980-களில் உசாமா கத்தீப் ரோபோக்களுக்கு வழிகாட்ட ஒரு முறை வகுத்தார்: போகவேண்டிய இடம் இழுக்கும், தடைகள் தள்ளும். அதில் எல்லோரையும் படுத்திய கோளாறு, இரண்டும் சமமாகும் இடத்தில் ரோபோ மாட்டிக்கொள்வது. இலக்கை ஒட்டியே தடை இருந்தால் இலக்கைத் தொடவே முடியாமல் போகும். ஸ்பீடிக்கு நேர்ந்தது அச்சு அசலாக அதுவே.

சண்டை போட்டே தீருவேன் என்றால் வேதியியலில் போடுங்கள். எரிமலை வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஸ்பீடியின் இரும்பை அரித்து, இரும்பும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த கார்பனைல் என்ற சேர்மமாக்கிவிடும் என்பதுதான் கதையில் ஆபத்து. இரும்புக் கார்பனைல் ஒழுங்காக உண்டாக 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தமும் வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் அது சிதைந்து இரும்பாகவே திரும்பும். புதனின் பகல் பக்கம் 430 டிகிரி வரை கொதிக்கிறது, அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆக ஸ்பீடி பயந்தது வெறும் பூச்சாண்டிக்கு. செலினியம் உருகிக் கிடப்பது சரிதான்; அது 221 டிகிரியிலேயே உருகும்.

இன்னொரு ஓட்டை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: ஏன் திரும்பவில்லை? ‘போக முடியவில்லை, காரணம் இது’ என்று வந்து சொல்வதால் கட்டளையும் மீறப்படாது, உடலும் தப்பும். ஆனால் அந்த வழியை ரோபோவைச் செய்தவர்கள் வைக்கவில்லை. இன்று இப்படிப்பட்ட ரோபோவுக்கு நிரல் எழுதும் பொறியாளர் ஒரு கடிகாரத்தைச் சேர்ப்பார்: பத்து நிமிடமாக இலக்குக்கான தூரம் குறையவில்லையா, வேலையை நிறுத்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு, தகவல் சொல். டோனவன் ஐந்து மணி நேரம் காத்திருந்திருக்க வேண்டாம்.