நாளுக்கு 900 கலோரியில் வாழ முடியுமா?

கேள்வி: மனையியல் முதுகலை ஆய்வுக்காக 60 இல்லத்தரசிகளிடம் உணவுக் கேள்வித்தாள் கொடுத்தேன். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 900 கலோரிதான் வருகிறது. குரோன்பாக் ஆல்ஃபாவும் (தாளின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மிகக் குறைவு. தாளையே மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ஆல்ஃபாவை விட்டுவிடுங்கள். ஒரே தன்மையை அளக்கும் கேள்விகளுக்குத்தான் அது பொருந்தும். தோசை நிறையச் சாப்பிடுகிறவர் மீனும் நிறையச் சாப்பிட வேண்டுமா என்ன? அதே ஆட்களிடம் 3, 4 வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்து, இரு விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள்.

900 வேறு சங்கதி. 55 கிலோ எடையுள்ள பெண் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் ஏறத்தாழ 1,200 கலோரி செலவாகும். எடை குறையாமல் நடமாடுகிறார் என்றால், சாப்பிட்டது தாளில் ஏறவில்லை.

நழுவுவது பெரும்பாலும் 'சாப்பாடு' என்ற சொல்லில்தான். நம்மிடம் சாப்பாடு என்றால் சோறு. "காலைல சாப்பிடலை, ரெண்டு இட்லிதான்" என்பார்கள். சர்க்கரை போட்ட காபி, பிள்ளை மிச்சம் வைத்த தோசை எல்லாம் கணக்கிலேயே வராது. தாளை நீட்டாமல் நீங்களே உட்கார்ந்து, "நேற்று எழுந்ததிலிருந்து வாயில் போட்டது, குடித்தது எல்லாம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டு, பிறகு நேரவாரியாகத் திரும்பி வாருங்கள்: காபிக்கும் டிபனுக்கும் நடுவில் ஏதாவது? மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது உத்தமம்.

'ஒரு கரண்டி' வீட்டுக்கு வீடு வேறு. அவர் வீட்டுக் கரண்டியிலும் டம்ளரிலும் தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் ஊற்றி மி.லி. குறியுங்கள். சோற்றை வழக்கம்போல் தட்டில் போடச் சொல்லி எடை பாருங்கள். தட்டின் எடையைக் கழிக்க வேண்டும். வெந்த சோற்றின் எடைக்கு வேகாத அரிசியின் கலோரியைப் போட்டுவிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எகிறிவிடும்.

எண்ணெய் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, வாங்கியதைக் கேளுங்கள். 4 பேருக்கு மாதம் 3 லிட்டர் என்றால் தலைக்கு நாளுக்கு 25 மி.லி. அதிலேயே 200 கலோரி. பொரித்து மிஞ்சிக் கொட்டியதைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தடுத்து வராத 3 நாள் எடுங்கள், ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். வெள்ளியும் அமாவாசையுமே விழுந்தால் கறியே தின்னாத ஊராகத் தெரியும்.

இதற்குப் பிறகும் 900 சொல்கிறவர்களை உடனே நீக்கிவிடாதீர்கள். விரதமா, காய்ச்சலா என்று விசாரியுங்கள். அவர்களைச் சேர்த்து ஒரு கணக்கு, விட்டு ஒரு கணக்கு போட்டு இரண்டையும் ஆய்வேட்டில் கொடுங்கள்.