நூலில்லாத துணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கம்பளியை நனைத்து அழுத்திச் செய்யும் ‘ஃபெல்ட்’ துணியில் கிர்கிஸ்தான் மக்கள் உருவாக்கும் விரிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நூலும் தறியும் இல்லாமல் ஒரு துணி என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. நெசவு தெரியாத மக்கள் கண்டுபிடித்த வழிதானே இது? மேச்சேரி ஆட்டு முடியில் செய்து பார்க்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

நெசவு தெரியாதவர்களின் வழி என்பதை என்னால் ஏற்க முடியாது. 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் உள்ள பாசிரிக்கில் தொல்லியலாளர் செர்கெய் ருடென்கோ ஐந்தாவது கல்லறை மேட்டைத் திறந்தார். பழங்காலத்துத் திருடர்கள் போட்ட துளை வழியாக நீர் இறங்கி உறைந்துபோனதால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் துணிகள் மட்கவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 36 முடிச்சுகள் கொண்ட கம்பளம் அங்கே கிடைத்தது. சீனப் பட்டும் கிடைத்தது. கூடவே, நாலரைக்கு ஆறரை மீட்டர் அளவில் மாபெரும் ஃபெல்ட் திரை: ஆசனத்தில் ஒரு தேவி, எதிரே குதிரைவீரன். ஃபெல்ட்டில் தைத்து உள்ளே திணித்துச் செய்த அன்னங்களும் இருந்தன. நெசவையும் பட்டையும் நன்றாக அறிந்தவர்கள்தான் ஃபெல்ட்டில் இத்தனை உழைப்பைப் போட்டிருக்கிறார்கள். இன்றும் கிர்கிஸ் பெண்கள் கூடாரத்தை இழுத்துக் கட்டும் பட்டைகளைத் தறியில் நெய்கிறார்கள். கூடாரத்தின் மேல் போர்த்துவது மட்டும் ஃபெல்ட். ஸ்டெப்பிப் புல்வெளியின் காற்றைத் தடுக்க அதுதான் சரி.

நூல் இல்லாமல் எப்படி நிற்கிறது என்பதற்கு உங்கள் தலைமயிர் ஒன்றே போதும். அதை வேரிலிருந்து நுனிக்கு விரலால் உருவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகத் தடுக்கும். மேலே செதில்கள் நுனியைப் பார்த்து அடுக்கியிருப்பதே காரணம். ஆட்டுக் கம்பளியிலும் இதே அமைப்புதான். வெந்நீரிலும் சோப்பிலும் இழை ஊறி நெகிழும். அழுத்தி அழுத்தி விடும்போது ஒவ்வொரு இழையும் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும், பின்வாங்க முடியாது. ஆயிரக்கணக்கில் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மெஷினில் துவைக்கலாம் என்று வரும் கம்பளி நூலில் குளோரின் கொடுத்துச் செதிலை மழுக்கி, மேலே பூச்சும் கொடுத்திருப்பார்கள். அதில் ஃபெல்ட் சரியாக வராது.

கிர்கிஸ் பெண்கள் கம்பளியைக் கழிகளால் அடித்து உதிர்ப்பார்கள். ‘சீ’ என்னும் புல்தண்டுப் பாயில் அதைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, பாயோடு சுருட்டிக் கயிறு கட்டுவார்கள். பிறகு அதை இழுத்தும் காலால் உதைத்தும் உருட்டுவார்கள். பாயைப் பிரித்தபின்னும் வேலை முடியாது. வரிசையாக மண்டியிட்டு, முன்கைகளால் அழுத்தி மறுபடி மறுபடி உருட்ட வேண்டும்.

பின்னல் துணியை வெட்டினால் கண்ணி கழலும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஃபெல்ட்டை எங்கே வெட்டினாலும் ஓரம் பிரியாது. ‘ஷிர்டாக்’ விரிப்பு முழுக்க அதை நம்பிச் செய்வது. இரண்டு நிற ஃபெல்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆட்டுக்கொம்பு போன்ற சுருளை வரைந்து, சேர்த்தே வெட்டுவார்கள். பிறகு துண்டுகளை இடம் மாற்றுவார்கள். சிவப்பில் கறுப்புக் கொம்பு ஒரு விரிப்பு, கறுப்பில் சிவப்புக் கொம்பு இன்னொன்று. ஒரு துண்டும் வீணாகாது. இணைப்பின் மேல் முறுக்கிய கயிற்றை வைத்துத் தைத்து, அடியில் இன்னொரு ஃபெல்ட் கொடுத்து நெருக்கமாகத் தையல் ஓட்டுவார்கள். கணிதமும் சிக்கனமும் இப்படிச் சேர்ந்த வேறொரு கைத்தொழிலை நான் அறியேன். 2012இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் வைத்தது. மலிவான செயற்கைக் கம்பளங்கள் வந்ததும், இளையவர்கள் கற்க வராததும், நல்ல கம்பளி கிடைக்காததும் காரணங்கள். நினைக்கவே வருத்தமாக இருக்கிறது.

மேச்சேரி ஆடு இறைச்சிக்கும் தோலுக்குமானது. உடம்பில் இருப்பது குட்டையான முடி, கம்பளி அல்ல. அதில் முயல வேண்டாம். மெரினோ என்னும் கம்பளி ஆட்டின் கலப்பில் உருவான நீலகிரி ஆட்டின் கம்பளி மென்மையானது, அதில் முயலலாம். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தை வளர்க்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். கம்பளி கிடைத்தால் அழுக்குப் போக அலசிச் சிக்கெடுத்து, மெல்லிய அடுக்குகளாக, ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே என்று பரப்புங்கள். தொடக்கத்தில் உள்ளங்கையால் மெதுவாகத் தடவினால் போதும். இழைகள் பிடித்துக்கொண்ட பிறகு பலம் கொடுத்து உருட்டுங்கள். நன்றாகவே சுருங்கும், எனவே வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் பரப்பிக்கொள்ளுங்கள்.