தொட்டில் வாங்கப் போகிறவர்கள் டேப்பையும் கொண்டு போங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல குழந்தைத் தொட்டிலைப் பற்றியவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தந்திருக்கிறேன். தொட்டில் என்று நான் சொல்வது, நான்கு பக்கமும் கிராதி வைத்து, கடையில் ‘பேபி கொட்’ என்று கேட்டு வாங்கும் கட்டிலை. சேலையில் கட்டும் ஏணை பற்றியும் ஒரு கேள்வி உண்டு, அது பின்னால் வருகிறது.

கேள்வி: அக்கா, எனக்கு இது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. நாங்கள் இருப்பது தொடர்மாடியில் ஓர் அறை வீடு. புறக்கோட்டையில் பெட்டியில் அடைத்து வரும் வெளிநாட்டுத் தொட்டில்களைப் பார்த்தோம். இவரோ மொரட்டுவையில் தெரிந்த தச்சு பாஸ் ஒருவரிடம் தேக்கில் செய்விக்கலாம் என்கிறார். எது நல்லது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இரண்டிலும் நல்லதும் உண்டு, ஆபத்தானதும் உண்டு. மரம் தேக்கா, மஹோகனியா, றப்பர் மரமா என்பது விலைக்கும் அழகுக்கும் உரிய பேச்சு. பிள்ளைக்கு முக்கியம் அளவு. ஆகவே எங்கே போனாலும் கைப்பையில் ஒரு டேப் இருக்கட்டும்.

முதலில் அளக்க வேண்டியது கிராதிக் கம்புகளுக்கு இடையிலான வெளி. ஐரோப்பியத் தரநிலை 4.5 முதல் 6.5 சென்ரிமீற்றர் வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் 5க்கும் 6க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் உடம்பில் பெரியது தலைதான். வெளி கூடிவிட்டால் பிள்ளை உருளும்போது கால் வெளியே போகும், இடுப்பும் போகும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பிள்ளையால் அழக்கூட முடியாது. டேப்பை மறந்துவிட்டால் சாதாரண 330 மில்லிலீற்றர் சோடா டின் ஒன்றைக் கம்புகளுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 6.6 சென்ரிமீற்றர். அது உள்ளே போனால் அந்தத் தொட்டில் வேண்டாம். இப்போது வரும் ஒல்லியான டின்னை வைத்துப் பார்க்காதீர்கள், அது நல்ல தொட்டிலிலும் நுழைந்துவிடும்.

இரண்டாவது மெத்தை. தொட்டிலோடு மெத்தை சேர்ந்து வராவிட்டால், கடைக்காரர் கையில் கிடைத்த ஒன்றைத் தூக்கிப் போட்டு “சரியாக இருக்கும்” என்பார். மெத்தைக்கும் கிராதிக்கும் நடுவே இரண்டு விரல் சேர்த்து நுழைந்தால் அது சரியில்லை. பிள்ளை அந்த இடுக்கில் முகம் புதைந்து மாட்டிக்கொள்ளலாம். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கக்கூடாது. “பிஞ்சு உடம்பு, மெதுவாக இருக்கட்டும்” என்று இலவம்பஞ்சைத் திணித்துக் கொடுப்பார்கள். அன்புதான், ஆனால் அமிழும் மெத்தையில் பிள்ளை குப்புறப் புரண்டால் மூக்கும் வாயும் அதில் புதைந்துவிடும். நல்ல இறுக்கமான ஃபோம் அல்லது அழுத்தித் தைத்த தும்பு மெத்தை, நாலு அங்குல உயரம் போதும். புதிய மெத்தையைச் சுற்றி வரும் மெல்லிய பொலித்தீனை முதல் நாளே கழற்றி எறியுங்கள். நனையாமல் இருக்கட்டும் என்று அதை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முகத்தில் ஒட்டினால் மூச்சை அடைக்கும். நனையாமல் இருக்க வேண்டுமானால் இறுக்கமாக மாட்டும் நீர்ப்புகா உறை வாங்குங்கள்.

மூன்றாவது ஆழம். மெத்தைத் தட்டை இரண்டு மூன்று உயரங்களில் மாற்றி வைக்கும்படி இருந்தால் நல்லது. பிறந்த புதிதில் மேலே இருந்தால் உங்கள் முதுகு தப்பும், அறுவைச் சிகிச்சை என்றால் இன்னும் உதவி. பிள்ளை எழுந்து உட்காரும் முன்பே தட்டைக் கீழே இறக்கிவிட வேண்டும். அடித்தட்டிலிருந்து கிராதியின் மேல் விளிம்புவரை 60 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. குறுக்குக் கம்பு வைத்த கிராதியும் வேண்டாம், பிள்ளை அதில் கால் வைத்து ஏறும்.

இனி மொரட்டுவை. அங்கே நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாஸ்மார் கண்ணளவில் கெட்டிக்காரர்கள். “எத்தனையோ தொட்டில் செய்திருக்கிறேன், மிஸ்” என்று சொல்லிவிட்டுத் தன் கணக்கில் கம்பு அடிப்பார்கள். ஆகவே வாயால் சொல்லாமல், படம் கீறி, சென்ரிமீற்றரில் எழுதிக் கொடுங்கள். அதை வட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அதோடு இவற்றையும் எழுதுங்கள்: நான்கு மூலைத் தூண்களும் விளிம்போடு சமமாக முடிய வேண்டும். குமிழ், தாமரை மொட்டு எல்லாம் வேண்டாம், பிள்ளையின் சட்டைக் கழுத்து அதில் மாட்டும். தலைமாட்டுப் பலகையில் துளை வைத்த பூ வேலையும் வேண்டாம். பொருத்துகளுக்கு ஆணி கூடாது, போல்ற்றும் நட்டும் போட்டு முடுக்க வேண்டும். கம்புகள் கையால் திருகினால் சுற்றக்கூடாது. வார்னிஷ் பூசி வேலை முடிந்த பிறகு இரண்டு மூன்று கிழமை காற்றில் விட்டு, மணம் போன பின் எடுங்கள்.

பெட்டியில் வரும் தொட்டிலில் அளவுகள் பெரும்பாலும் தரநிலைப்படி இருக்கும், தரநிலை இலக்கம் பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்கும். குறை வேறு இடத்தில். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்ததென்றால் கொழும்பின் ஈரப்பதத்தில் அது ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போகும். திட மரமாகப் பாருங்கள். எதை வாங்கினாலும் மாதம் ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் முடுக்க வேண்டும். சில்லு இருந்தால் பூட்டும் இருக்க வேண்டும்.

அறைக் கதவின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். செய்வித்த தொட்டில் கழற்றிப் பூட்ட முடியாததாக இருந்தால் லிஃப்டுக்குள்ளேயே போகாது. உங்கள் ஓர் அறை வீடு ஒரு குறையே இல்லை. முதல் ஆறு மாதமாவது பிள்ளை தாயின் அறையில், ஆனால் தன் சொந்தப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்வது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், நாம் எழுதிக் கொடுத்தபடி பாஸ் செய்வார் என்ற நம்பிக்கை இருந்தால் மொரட்டுவை. இல்லையென்றால் கடை.

கேள்வி: என் அக்காவின் பிள்ளைகள் மூவரும் வளர்ந்த தொட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கக் கிராதி மேலும் கீழும் இறங்கும் வகை. புதிதாக வெள்ளைப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள். மாமி “மூன்று பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்கு மட்டும் என்ன?” என்கிறார். (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: மாமியைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மரத்தை வீணாக்க யாருக்கு மனம் வரும். ஆனால் இறங்கும் கிராதி உள்ள தொட்டில்களை அமெரிக்கா 2011 ஜூனிலிருந்து விற்கவே தடை செய்துவிட்டது. பிளாஸ்ரிக் கொக்கி தேய்ந்தோ உடைந்தோ போனால் கிராதி ஒரு மூலையில் மட்டும் விலகித் தொங்கும். அந்த இடைவெளியில் குழந்தைகள் மாட்டி இறந்திருக்கிறார்கள். முதல் பிள்ளைக்குச் சரியாக நின்ற கொக்கி மூன்றாவது பிள்ளைக்குத் தளர்ந்திருக்கும். மூன்று முறை கழற்றிப் பூட்டிய தொட்டிலில் ஒரிஜினல் போல்ற் எத்தனை மிச்சம் என்றும் பாருங்கள். பலவற்றில் கம்பியும் கயிறும்தான் நிற்கும்.

பெயின்ற் இன்னொரு கவலை. இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்கு வரம்பு வந்தது 2013இல். அதற்கு முந்திய பூச்சு அடியில் இருந்தால், மேலே என்ன அடித்தாலும் பல் முளைக்கும் பிள்ளை விளிம்பைக் கடிக்கும்போது எல்லாம் சேர்ந்துதான் உரியும். சுரண்டி எடுக்கலாம் என்று வீட்டுக்குள் மண்தாள் போடாதீர்கள், அந்தத் தூசி இன்னும் மோசம். மாமியிடம் “டொக்டர் வேண்டாம் என்றார்” என்று சொல்லிப் பாருங்கள். நம் வீடுகளில் அதற்கு இருக்கும் மரியாதை என் பதிலுக்கு இருக்காது. தொட்டிலைத் துணி அடுக்க வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிள்ளைக்குப் பரிசாக வந்ததில் தொட்டில் செட் ஒன்று இருக்கிறது: கிராதியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு, சின்னத் தலையணை, இரண்டு உருளைத் தலையணை, போர்வை. எதை எப்போது பயன்படுத்துவது? மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் கக்கும்போது புரையேறாதா? (தெகிவளை வாசகர்)

பதில்: செட்டில் எதுவும் தொட்டிலுக்குள் வேண்டாம், ஒரு வயதுவரை. கடைக்காட்சியில் அழகாக இருப்பது இதுதான், ஆபத்தும் இதில்தான். பஞ்சுத் திண்டு கைகால் அடிபடாமல் காக்கும் என்று விற்கிறார்கள். பிள்ளை அதில் முகம் அழுத்தி மூச்சு முட்டலாம், கட்டும் நாடா கழுத்தில் சுற்றலாம், வளர்ந்த பிள்ளை அதில் ஏறி வெளியே விழலாம். அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே அதைத் தடை செய்தார்கள். இறுக்கமாக மாட்டிய விரிப்பு ஒன்று, அதன் மேல் பிள்ளை, அவ்வளவுதான். நம் ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு? மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

புரையேறும் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. உண்மையில் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது. பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் “மல்லாக்கப் படுக்க வையுங்கள்” என்று இயக்கம் நடத்திய பிறகு தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. தலை தட்டையாகும் என்று அம்மம்மா கவலைப்பட்டால், விழித்திருக்கும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்கக் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். குறைமாதப் பிள்ளை அல்லது வேறு நோய் உள்ள பிள்ளை என்றால் உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு.

செட்டில் இல்லாத ஒன்றுதான் கொழும்பில் கட்டாயம் வேண்டும்: நுளம்பு வலை. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், காலையிலும் மாலை மயங்கும் முன்னும் அதிகம். ஆகவே மத்தியானத் தூக்கத்துக்கும் வலை போடுங்கள். தொட்டிலுக்கு வெளியே, இழுத்துக் கட்டி, பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். தொய்ந்து உள்ளே விழும் வலை உதவாது. வலைக்குப் பதிலாக மூடிய அறையில் நுளம்புச் சுருள் கொளுத்தாதீர்கள்.

கேள்வி: ஏணையில் போட்டால்தான் மகன் தூங்குகிறான். தொட்டில் தேவையா? (வத்தளை வாசகி)

பதில்: ஏணையை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கும் மனமில்லை, நாமெல்லாம் அதில் ஆடியவர்கள். ஆனால் ஏணையில் பிள்ளை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் படும். சின்னப் பிள்ளைக்கு அந்த நிலையில் மூச்சுப்பாதை நெரிபடலாம். சாய்வான படுக்கைகளைப் பற்றியும் இதே அச்சம்தான். 2019இல் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ஏறத்தாழ 47 லட்சம் சாய்வுப் படுக்கைகளைத் திரும்பப் பெற்றது. ஆட்டித் தூங்க வையுங்கள், ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும், கண் அயர்ந்ததும் தூக்கித் தட்டையான தொட்டிலில் மல்லாக்க விடுங்கள். இரவில் எல்லோரும் தூங்கும்போது ஏணை வேண்டாம். பகலில் பிள்ளை இல்லாதபோது சேலையை அவிழ்த்தோ மேலே தூக்கியோ கட்டுங்கள். பெரிய பிள்ளைகள் அதை முறுக்கி விளையாடினால் கழுத்தில் இறுகிவிடும்.

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்துத் தொட்டில் வாங்கினேன். வந்ததில் நான்கு போல்ற் இல்லை, ஒரு கம்பு வெடித்திருக்கிறது. “விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். பில்லும் தரவில்லை. (மட்டக்குளி வாசகர்)

பதில்: பூட்ட வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் கிடைத்த போல்ற்றைப் போட்டுச் சமாளிக்கவும் வேண்டாம். பெட்டி, உடைந்த கம்பு, பணம் அனுப்பிய வங்கிச் செய்தி, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பில் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்டு, முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே “நாளை பார்க்கலாம்” என்று அவர்கள் இழுத்தால் நீங்கள் இழுபட வேண்டாம்.

கேள்வி: பிள்ளை பிறக்க முன்னம் தொட்டில் வாங்கக்கூடாது என்கிறார் அம்மா. அப்படியானால் அளந்து பார்த்து வாங்க நேரம் எங்கே? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. இப்போதே போய் அளந்து, தெரிவு செய்து, முற்பணம் கொடுத்து, பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். வார்னிஷ் மணம் போகவும் அதற்கு நேரம் கிடைக்கும். பெட்டியோ தொட்டிலோ கடையிலோ சிநேகிதி வீட்டிலோ இருக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அன்றே தேவைப்படும் என்பதால், நீங்கள் வார்ட்டில் இருக்கும்போதே வீட்டுக்காரர் எடுத்து வந்து பூட்டி வைக்கட்டும். ஜன்னலுக்கும் திரைச்சீலைக் கயிற்றுக்கும் எட்டாத சுவரோரமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.