முதல் குழந்தைக்கு தலசீமியா, அடுத்ததுக்கு வராதுதானே டாக்டர்?

கேள்வி: எனக்கு 27 வயசு, சொந்த அத்தை மகனைத்தான் கல்யாணம் பண்ணியிருக்கேன். பையனுக்கு 3 வயசு, தலசீமியா மேஜர்னு மாசாமாசம் ரத்தம் ஏத்துறோம். எங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட்ல மைனர்னு வந்திருக்கு. நாலுல ஒரு குழந்தைக்குத்தான் வரும்னாங்க, அப்ப எங்களுக்கு வர வேண்டியது வந்துருச்சு, அடுத்தது நல்லா பொறந்துரும்தானே? பரம்பரைல யாருக்குமே இல்லாதது எப்படி வந்துச்சு? என் அம்மா வழியிலருந்து வந்ததுன்னு அத்தை சொல்லிட்டே இருக்காங்க.

பதில்: முதல்ல அந்த நாலுல ஒண்ணு கணக்கை பேசிருவோம்மா, ஏன்னா இதை நம்பி ரெண்டாவது கர்ப்பத்துல டெஸ்டே எடுக்காம விட்டுட்டு, அந்தக் குழந்தையையும் ரத்தம் ஏத்த தூக்கிட்டு வர்றவங்கள பாக்கும்போது மனசு தாங்கல.

ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கிற ஹீமோகுளோபின்ல பீட்டா சங்கிலின்னு ஒண்ணு இருக்கு, அது சரியா உருவாகாததுதான் உங்க பையனுக்கு இருக்கிற தலசீமியா. அந்த சங்கிலிய செய்ய சொல்லித்தர்ற ஜீன் 11வது குரோமோசோம்ல இருக்கு, எல்லாருக்கும் ரெண்டு காப்பி, அம்மா தந்தது ஒண்ணு, அப்பா தந்தது ஒண்ணு. உங்களுக்கு ஒரு காப்பி நல்லா இருக்கு ஒண்ணு பழுது, அவருக்கும் அப்படியே. கருமுட்டைக்குள்ள ரெண்டுல ஒண்ணுதான் போகும், விந்தணுவுலயும் அதேதான், எது போகும்ங்கிறது யார் கையிலயும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு காசை சுண்டுறீங்கன்னு வெச்சுக்கோங்க, பூன்னா பழுதான காப்பி, தலைன்னா நல்ல காப்பி. ரெண்டுமே பூ விழுந்தா மேஜர், ஒண்ணு பூ ஒண்ணு தலைன்னா உங்கள மாதிரி மைனர், ரெண்டும் தலைன்னா அந்தப் பழுதே இல்லாத குழந்தை. போன தடவை என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்காதும்மா. அதனால ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதுசாத்தான் ஆரம்பிக்கும், 25 சதவீதம் மேஜர், 50 மைனர், 25 சுத்தம். மூணு பிள்ளைக்கு வரிசையா வந்த வீடும் இருக்கு, ஒண்ணுக்குமே வராத வீடும் இருக்கு.

பரம்பரைல யாருக்குமே இல்லன்னு சொல்றீங்க, இல்லாம இல்ல, தெரியல, அவ்ளோதான். மைனர் இருக்கிறவங்க நம்மள மாதிரி வேலை செஞ்சு வயசாகி வாழ்ந்துட்டு போயிருவாங்க, எங்கயாவது டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அதோட முடிஞ்சிரும். இந்தப் பழுது எப்பவோ ஒரு காலத்துல ஜீனை காப்பி எடுக்கும்போது நடந்த ஒரு சின்ன எழுத்து மாற்றம். ஒரு காப்பி மட்டும் பழுதா இருந்தவங்களுக்கு மலேரியா முத்திப் போறது குறைவா இருந்துச்சு, அதனால மலேரியா அதிகமா இருந்த ஊர்கள்ல அவங்க பிழைச்சு இந்த ஜீனும் கூடவே வந்துருச்சு. இந்தியால மொத்தத்துல நூத்துல 3, 4 பேருக்கு இருக்கு.

அத்தை சொல்றதுக்கு வர்றேன். உங்க அப்பாவும் அவங்களும் கூடப்பொறந்தவங்க. உங்க தாத்தா பாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்த பழுது உங்க அப்பா வழியா உங்களுக்கும், அத்தை வழியா அவங்க பையனுக்கும் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், சொந்தத்துல கட்டும்போது ஒரே பழுது ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து சேர்றது இப்படித்தான். அத்தைக்கும் உங்க அப்பாவுக்கும் எச்பி ஏ2ங்கிற ஒரு வகை ஹீமோகுளோபின் அளவு பாக்கலாம், 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா பெரும்பாலும் மைனர்தான். இத சண்டைக்காக சொல்லல, யாரும் வேணும்னு குடுத்தது இல்ல இது. ஆனா உங்க கூடப்பொறந்தவங்க, அவர் கூடப்பொறந்தவங்க எல்லாரும் கல்யாணத்துக்கு முன்னாடி இந்த டெஸ்ட்ட எடுத்தே ஆகணும்.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க. பையனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பண்ணினா ரத்தம் ஏத்துறதே நின்னுபோக வாய்ப்பு இருக்கு, ரத்தம் ஏத்த ஏத்த கல்லீரல்ல இரும்பு சேர்றதுக்கு முன்னாடி சின்ன வயசுலயே பண்றது நல்லது. அதுக்கு மஜ்ஜை குடுக்கிறவரோட எச்எல்ஏ, அதாவது செல் மேல இருக்கிற அடையாளக் குறி, பையனோட பொருந்தணும், அந்த ஜீன்கள் 6வது குரோமோசோம்ல இருக்கு. 11ம் 6ம் தனித்தனியாத்தான் பிரியும், ஒண்ணு போன பக்கமே இன்னொன்னு போகணும்னு இல்ல (மெண்டல் 1866லயே பட்டாணிச் செடிய வெச்சு எழுதினதுதான் இது). அதனால அடுத்த குழந்தை மேஜர் இல்லாம இருக்க நாலுல மூணு, அண்ணனுக்கு பொருந்த நாலுல ஒண்ணு, ரெண்டும் சேர்ந்து வர பதினாறுல மூணு. மைனரா இருந்தாலும் தானம் பண்ணலாம். ஆனா அண்ணனுக்காகவே ஒரு குழந்தைன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க, பதினாறுல மூணு ரொம்ப பெரிய வாய்ப்பு இல்ல, பொருந்தலன்னா அந்தக் குழந்தை மேல அந்த ஏமாற்றம் விழக்கூடாது.

இப்ப செய்ய வேண்டியது, கர்ப்பமாகுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பையனும் டிஎன்ஏ டெஸ்ட் குடுத்து எந்த எழுத்து மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சு வெச்சுக்கோங்க. அது கைல இருந்தாத்தான் 11லருந்து 13 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடி திசு கொஞ்சம் எடுத்து குழந்தைக்கு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும், கர்ப்பமான பிறகு ஓடினா நாள் பத்தாது. ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேர்ந்திருக்கிற இரும்போட அளவு, பாக்காம நீங்களும் இரும்பு மாத்திரை போடாதீங்க, பையனுக்கு இரும்பு டானிக்கே வேண்டாம். மாற்று சிகிச்சைக்கு வேலூர் சிஎம்சில கேளுங்க, கோல் இந்தியாங்கிற அரசு நிலக்கரி நிறுவனத்தோட உதவியோட நடக்கிற தலசீமியா பால சேவா திட்டத்துல 10 லட்சம் வரைக்கும் கிடைக்கும், வருமான வரம்பு உண்டு, போகும்போது வருமானச் சான்றிதழும் பையனோட எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துட்டு போங்க.